பொருளில் இல்லை, வழியில் இருந்தது: அஜினோமோட்டோ இந்தோனேசியா நிகழ்வும் ஹலால் தர மேலாண்மையும்

2001 ஜனவரியில் இந்தோனேசியக் கடைகளிலிருந்து அஜினோமோட்டோ பாக்கெட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. மூன்று வார அவகாசத்தில் சுமார் 3,000 டன் சரக்கு. நிறுவனத்தின் அதிகாரிகள் சிலரைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. சரக்கில் கலப்படம் இல்லை, எடை குறையவில்லை, யாருக்கும் உடம்புக்கு வரவில்லை. விற்பனைக்கு வந்த வெள்ளைப் படிகத்தில் பன்றியின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை. தரக் கட்டுப்பாட்டு லேபின் எந்தச் சோதனையிலும் அந்தச் சரக்கு தேறியிருக்கும்.

இஸ்லாமியக் கோட்பாடுகளைத் தர மேலாண்மைக்குள் கொண்டுவருவது பற்றிய பேச்சு பெரும்பாலும் அமானத் (நம்பி ஒப்படைத்த பொறுப்பு), இஹ்சான் (செய்வதைச் சிறப்பாகச் செய்தல்), ஷூரா (கலந்தாலோசனை) என்ற உயர்ந்த சொற்களில் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்பாடுகள் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மேசையில் எப்படிப்பட்ட வேலையாக மாறுகின்றன என்பதைப் பார்க்க இந்த நிகழ்வைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை. இந்தோனேசியாவின் ஹலால் உறுதி முறைமை இன்றைய வடிவத்தை அடைந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நடந்தது என்ன

தமிழ்நாட்டில் பொருளுக்கே பெயராகிவிட்ட அஜினோமோட்டோ, வேதியியல் கணக்கில் மோனோசோடியம் குளுட்டமேட். கிழக்கு ஜாவாவின் மோஜோகெர்த்தோவில் உள்ள ஆலை அதை நொதித்தல் முறையில் செய்கிறது. கரும்பு மொலாசஸைத் தின்னும் ஒரு பாக்டீரியா குளுட்டமிக் அமிலத்தை வெளியிடும். அமிலத்தைப் படிகமாக்கி, சோடியம் சேர்த்து நடுநிலையாக்கி, நிறம் நீக்கி, மறுபடியும் படிகமாக்கினால் கடையில் விற்கும் வெள்ளைப் பொடி.

பெரிய கலனில் ஓடும் பாக்டீரியா நேரடியாக அங்கே போடப்படுவதில்லை. லேபில் சிறு குழாய்களில் மூல வித்து பாதுகாக்கப்படும். அதிலிருந்து ஒரு குடுவைக்கு, குடுவையிலிருந்து சிறு கலனுக்கு, அங்கிருந்து பெரிய கலனுக்கு என்று படிப்படியாகப் பெருக்குவார்கள். மூல வித்தை வைத்திருக்கும் ஊடகத்தில் நைட்ரஜன் ஊட்டத்துக்காகப் பெப்டோன் (உடைத்த புரதம்) வகை ஒன்று சேர்க்கப்படும். சான்றிதழ் கொடுக்கப்பட்டபோது பதிவில் இருந்தது பாலிபெப்டோன். பின்னர் ஆலை அதை பாக்டோசோய்ட்டோன் என்ற பொருளுக்கு மாற்றியது. விலை குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். பெயரிலேயே சோயா இருக்கிறது. மூலம் சோயாதான். ஆனால் அந்தச் சோயாப் புரதத்தை உடைக்கப் பயன்பட்ட நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது.

இந்தோனேசிய உலமா கவுன்சிலின் ஆய்வுப் பிரிவான எல்பிபிஓஎம், 1988-ல் பன்றிக் கொழுப்பு பற்றிய பீதி நாட்டை உலுக்கியதையடுத்து 1989 ஜனவரியில் தொடங்கப்பட்ட அமைப்பு. 2000-ல் சான்றிதழைப் புதுப்பிக்கும் தணிக்கையில் அதன் தணிக்கையாளர்கள் இந்த மாற்றத்தைக் கண்டார்கள். டிசம்பரில் கவுன்சிலின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு, பாக்டோசோய்ட்டோன் வைத்துச் செய்த சரக்கு ஹராம் என்று முடிவு செய்தது. ஆலை பின்னர் மமெனோ என்ற சோயா ஊடகத்துக்கு மாறியது. அதைக் கொண்டு செய்த சரக்கு ஹலால் என்று 2001 தொடக்கத்திலேயே தீர்ப்பு வந்தது.

நடுவில் ஒரு திருப்பம். அன்றைய ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித், தானே ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்), சரக்கு ஹலால்தான் என்று வெளிப்படையாக அறிவித்தார். இறுதிப் பொருளில் பன்றி இல்லை என்பது அவர் வாதம். கவுன்சில் அசையவில்லை. பன்றியிலிருந்து வந்ததை உற்பத்தியில் பயன்படுத்தியதே தடை, அது கடைசியில் மிஞ்சியதா என்பது வேறு கேள்வி என்பது அதன் நிலை. பொருள் உருமாறினால் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா கோட்பாடு இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹில் உண்டு. எந்த மத்ஹப் (சட்டப் பள்ளி) அதை எவ்வளவு தூரம் ஏற்கும் என்பதில் பழைய கருத்து வேறுபாடும் உண்டு. எந்தத் தரப்பு சரி என்பது இந்த ஆய்வின் வேலை அல்ல. தர மேலாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தேவை பொருளின் பண்பைப் பற்றியது அல்ல, அதன் வம்சாவளியைப் பற்றியது. வம்சாவளியை எந்த லேப் சோதனையும் காட்டாது. தாளில்தான் தேட வேண்டும்.

ஐஎஸ்ஓ முறை ஏன் இதைப் பிடித்திருக்காது

நல்ல தர முறைமை உள்ள ஒரு தொழிற்சாலையில் இதே மாற்றம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லேபில் ஒருவர் மாற்று ஊடகம் கேட்கிறார். சப்ளையர் விவரத்தாள் வருகிறது: மொத்த நைட்ரஜன், அமினோ நைட்ரஜன், ஈரப்பதம், சாம்பல், கார அமில அளவு. சோதனை ஓட்டம் போடுகிறார்கள். வித்தின் வளர்ச்சி வேகம் பழையபடி, இறுதி விளைச்சலும் பழையபடி. மாற்றப் படிவத்தில் "சமமான மாற்று" என்று எழுதிக் கையெழுத்து. தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9001:2015-ன் 8.5.6 பிரிவு மாற்றக் கட்டுப்பாட்டைக் கேட்கிறது, கட்டுப்பாடு நடந்திருக்கிறது. 8.4 வெளியிலிருந்து வரும் பொருளைச் சரிபார்க்கச் சொல்கிறது, சரிபார்த்தாயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. "இந்த நொதி எதிலிருந்து வந்தது" என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. லேபில் வாங்கும் ஊடகம் பல ஆலைகளில் மூலப்பொருள் பட்டியலிலேயே ஏறாது. அது கன்ஸ்யூமபிள்ஸ் கணக்கில், கையுறையோடும் வடிதாளோடும் சேர்ந்து வாங்கப்படும். ஒப்புதல் பெற்ற சப்ளையர் பட்டியல் அந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. நிறம் நீக்கும் கார்பன், வடிகட்டத் துணை செய்யும் பொடி, நுரை அடக்கி, பிரஷ், கன்வேயர் கிரீஸ் எல்லாம் இதே கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. செயலூட்டிய கார்பன் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். பிரஷ்ஷில் பன்றி மயிர் இருக்கலாம். ஆகவே ஹலால் முறைமையை அமைக்கும்போது முதல் வேலை கொள்கை எழுதுவது அல்ல. கணக்குப் பிரிவிடம் கடந்த ஓராண்டின் எல்லாக் கொள்முதல் தலைப்புகளையும் கேட்டு வாங்கி, சரக்கையோ சரக்கைத் தொடும் எதையோ தொடுவது எது என்று ஒவ்வொன்றாகக் கோடு போடுவதுதான்.

பதினொரு தேவைகளில் நான்கு

இந்த அனுபவங்களிலிருந்து வளர்ந்து, பின்னாளில் எல்பிபிஓஎம்மின் எச்ஏஎஸ் 23000 என்று வெளியான விதிகள் பதினொரு தலைப்புகள் கொண்டவை: ஹலால் கொள்கை, மேலாண்மைக் குழு, பயிற்சி, மூலப்பொருள், பொருள், உற்பத்தி வசதி, முக்கியச் செயல்களுக்கு எழுத்து நடைமுறை, தடமறிதல், தேவைக்குப் பொருந்தாத சரக்கைக் கையாளுதல், உள்தணிக்கை, மேலாண்மை மறுஆய்வு. ஐஎஸ்ஓ தெரிந்தவர்களுக்கு எல்லாமே பழகிய முகங்கள். கொள்கை, குழு, பயிற்சி, மறுஆய்வு நான்கையும் இருக்கும் தர முறைமையிலேயே ஒட்ட வைத்துவிடலாம், தனிக் கோப்பு வேண்டாம். உண்மையான வேலை மூலப்பொருள், வசதி, தடமறிதல், பொருந்தாத சரக்கு ஆகிய நான்கில்தான்.

மூலப்பொருள். ஒரு பக்கம் பொருட்கள், மறுபக்கம் தயாரிப்புகள் என்று ஓர் அட்டவணை. ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் வணிகப் பெயர், குறியீட்டு எண், தயாரிப்பாளர், எந்த நாட்டின் எந்த ஆலை, ஹலால் சான்றிதழ் யார் கொடுத்தது, எண், முடியும் தேதி. இங்கே நடக்கும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான். சான்றிதழில் உள்ள குறியீடு ஒன்று, இன்வாய்ஸில் அதற்குப் பின்னால் ஓர் எழுத்து கூடுதல். கேட்டால் "அதே பொருள்தான் சார்" என்பார் சப்ளையர், ஆனால் அந்த எழுத்து வேறு ஆலையைக் குறிக்கும். அல்லது தயாரிப்பாளரின் சான்றிதழ் சரியாக இருக்கும், வாங்கியதோ விநியோகஸ்தர் 25 கிலோ மூட்டையைப் பிரித்துச் சிறு பைகளில் கட்டியது. மறுகட்டு நடந்த இடத்துக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் கொடுத்த அமைப்பே அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருப்பதும் உண்டு. பர்ச்சேஸ் பார்த்தது தேதியை மட்டும்.

எந்தப் பொருளுக்கு ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பதற்கு ஒரு கேள்விச் சங்கிலி போதும். கனிமமா, தாவரமா, விலங்கா, நுண்ணுயிரா? கனிமத்துக்கும் பதப்படுத்தாத தாவரத்துக்கும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தாவரம் நொதியால் மாற்றப்பட்டிருந்தால் நொதியின் மூலம் என்ன? சோயா லெசித்தினை நொதியால் மாற்றப் பன்றிக் கணைய நொதி பயன்பட்டதுண்டு. வைட்டமின் ஏ பொடி ஜெலட்டின் பூசி வருகிறதா? மோனோ, டைகிளிசரைடுகளின் கொழுப்பு பாமாயிலா, மிருகக் கொழுப்பா? எல்-சிஸ்டீன் இறகிலிருந்தா, மனித முடியிலிருந்தா? பாலாடைக்கட்டித் தண்ணீர்ப் பொடி என்றால் பாலை உறைய வைத்த ரெனெட் எது? நுண்ணுயிர் என்றால் மோஜோகெர்த்தோவின் கேள்வி: எதில் வளர்த்தீர்கள், மூல வித்து முதல்?

கடைசிக் கேள்விக்கு உலமா கவுன்சில் 2010-ல் முதலாம் எண் ஃபத்வாவாகத் தெளிவான விதி கொடுத்தது. சுத்தமான ஊடகத்தில் வளர்ந்த நுண்ணுயிரின் விளைவு ஹலால். நஜீஸான (மார்க்கப்படி அசுத்தமான) ஊடகத்தில் வளர்ந்ததென்றால், விளைபொருளை ஊடகத்திலிருந்து பிரித்து ஷரீஅத் முறையில் கழுவ முடிந்தால் ஹலால். பன்றி சம்பந்தப்பட்ட ஊடகம் என்றால் கழுவினாலும் ஹராம். கழுவுதலுக்கான நீரளவு ஃபிக்ஹ் அளவுப்படி இரண்டு குல்லா, அங்கே 270 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். தர மேலாளருக்கு இது வரம். ஒரு கோட்பாட்டு விவாதம் மூன்று கிளை உள்ள முடிவு மரமாகிவிட்டது. இப்படி ஆகும்வரை எந்தக் கோட்பாடும் தரநிலைக்குள் வரத் தயாராக இல்லை என்பது எங்கள் கருத்து.

வசதி. ஒரே கருவியைப் பன்றிப் பொருளுக்கும் மற்றதற்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடாது, கழுவினாலும் கூடாது என்பது கவுன்சிலின் 2003-ஆம் ஆண்டு நிலை. மலேசியாவில் முன்பு அப்படிப் பயன்பட்ட ஒரு வரிசையை ஹலாலுக்கு மாற்ற செர்து செய்ய வேண்டும்: ஏழு முறை கழுவல், அதில் ஒன்று மண் கலந்த நீரால். காகிதத்தில் இது ஒரு வரி. பைப், பம்ப், வால்வு உள்ள வரிசையில் இது ஒரு திட்டம். மண்ணைச் சலிக்காமல் விட்டால் கழுவுநீரைத் தெளிக்கும் துளைக் குமிழ் (ஸ்ப்ரே பால்) அடைக்கும், பம்பின் மெக்கானிக்கல் சீல் தேயும். "ஒரு கழுவல்" என்றால் எவ்வளவு நீர், எல்லாப் பரப்பும் நனைந்ததற்கு என்ன ஆதாரம் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால் ஏழு என்ற எண்ணிக்கை சச்சரவில் முடியும். மண் கழுவலை முதலில் வைப்பது ஃபிக்ஹிலும் சிறந்தது, ஆலைக்கும் நல்லது. மீதி ஆறு கழுவல் மண்ணை வெளியேற்றிவிடும். அதற்கு முன் வழக்கமான காரக் கழுவலில் கொழுப்பு, கசடு எல்லாம் போயிருக்க வேண்டும். அதற்குப் பின் கிருமிநீக்கமும், பரப்பைத் துடைத்துக் கிருமி பார்க்கும் ஸ்வாப் சோதனையும் கட்டாயம், ஏனென்றால் மண்ணோடு பாசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாக்களின் வித்துக்களும் உள்ளே வந்திருக்கும். ஷரீஅத் சுத்தமும் உணவுப் பாதுகாப்புச் சுத்தமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டும் தனித்தனிப் பதிவோடு நடக்க வேண்டும். ஸ்வாப் முடிவு நன்றாக இருந்தது என்று செர்துவைத் தவிர்க்க முடியாது. செர்து முடிந்தது என்று ஸ்வாப்பையும் தவிர்க்க முடியாது.

தடமறிதல். முடிந்த சரக்கின் ஒரு பேட்சை எடுத்து அதில் போன எல்லா லாட்டுகளையும் பின்னோக்கித் தேடுவது பாதி வேலை. மறுபாதி, ஒரு மூலப்பொருள் லாட்டை எடுத்து அது எந்தெந்தப் பேட்சுகளில் போயிற்று என்று முன்னோக்கித் தேடுவது, கூடவே எடைக் கணக்கு. உதாரணத்துக்கு 40 மூட்டை, மூட்டைக்கு 25 கிலோ, மொத்தம் 1,000 கிலோ வந்தது. பேட்ச் தாள்களில் 870, கிடங்கில் 105. மீதி 25 கிலோ எங்கே? தரையில் கொட்டியதா, எழுதாமல் ஒரு பேட்சில் போட்டதா, அல்லது ஒப்புதல் இல்லாத வேறொரு மூட்டையோடு இடம் மாறியதா? சாதாரணத் தரத் தணிக்கையில் 2.5 சதவீதம் கழிவு என்று விட்டுவிடுவார்கள். இங்கே அந்த ஒரு மூட்டை கிடைக்கும்வரை அறிக்கையை மூடக்கூடாது. நொதித்தல் ஆலையில் இதைவிடக் கடினம், வித்து ஊடகம் கிராம் கணக்கில் போகும், விளைவு டன் கணக்கில் வரும். ஆகவே அங்கே லாட் எண்ணைப் பேட்ச் தாளில் எழுதுவது போதாது. வித்துப் பதிவேட்டிலும், எந்த வித்துக் குழாயிலிருந்து எந்தக் கலன் தொடங்கியது என்ற சங்கிலியிலும் இருக்க வேண்டும். மோஜோகெர்த்தோவில் திரும்பப் பெற வேண்டிய அளவு ஆயிரக்கணக்கான டன்னாக வீங்கியதன் பின்னணியும் இந்தப் பெருக்கம்தான்: மூல ஊடகம் மாறினால் அதற்குப் பின் வந்த எல்லாச் சரக்கும் அதன் சந்ததி.

பொருந்தாத சரக்கு. ஐஎஸ்ஓ 9001-க்கும் ஷரீஅத்துக்கும் நேருக்கு நேர் மோதும் ஒரே இடம் இது. 8.7, பொருந்தாத சரக்கை வாடிக்கையாளரின் சம்மதத்தோடு கன்செஷனில் (விதிவிலக்கு அனுமதியில்) விடலாம் என்கிறது. நிறம் சற்று மங்கல், விலையைக் குறைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் விஷயம் முடிந்தது. ஹராம் விஷயத்தில் வாடிக்கையாளர் விட்டுக்கொடுக்க அந்த உரிமை அவருடையது அல்ல. ஆகவே கன்செஷன் படிவத்தின் தலையிலேயே "ஹலால் காரணமான இணக்கமின்மைக்கு இந்தப் படிவம் செல்லாது" என்று அச்சிட வேண்டும். எச்ஏஎஸ் 23000 இன்னும் ஒரு படி போகிறது: அப்படிப்பட்ட சரக்கை மறுபதம் செய்வதும், தரம் குறைத்து விற்பதும், வேறு கலவையில் சேர்ப்பதும் கூடாது. ஹலால் கேட்கும் நுகர்வோருக்கு விற்றுவிட்டால் திரும்பப் பெற வேண்டும்.

இது கிடங்கில் ஒரு நடைமுறைத் தலைவலி. பன்றி ஜெலட்டின் என்று தெரிய வந்த 500 கிலோவை என்ன செய்வது? "வேறு யாருக்காவது விற்றுவிடு" என்பது பர்ச்சேஸின் முதல் பதில். நஜீஸை விற்பதே செல்லாது என்ற ஷாஃபிஈ மத்ஹப் நிலையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. குறை தெரிந்தால் வாங்கியவர் திருப்பித் தரலாம் என்ற கியாருல் ஐப் உரிமை ஃபிக்ஹில் உண்டு; அதைக் கொள்முதல் ஆர்டரின் நிபந்தனையாக முன்பே எழுதி வைத்தால் சரக்கு சப்ளையரிடமே திரும்பிப் போகும், பணமும் வரும். எழுதவில்லை என்றால் அழிப்பது ஒன்றே வழி, செலவு நிறுவனத்தின் தலையில்.

பெருக்கல் கணக்கு எங்கே உடைகிறது

ஐஎஸ்ஓ 9001-ன் 2015 பதிப்புக்குப் பிறகு பல ஆலைகளில் ஆபத்து அட்டவணை ஒன்று தொங்குகிறது. கடுமை 1 முதல் 5, நிகழும் வாய்ப்பு 1 முதல் 5, பெருக்கினால் மதிப்பெண், 15-க்கு மேல் சிவப்பு. ஹலாலை இதே அட்டவணையில் போட்டால் பன்றி நொதி கடுமை 5, வாய்ப்பு 1, மதிப்பெண் 5, பச்சை. மோஜோகெர்த்தோவில் ஊடகத்தை மாற்றியபோது யாராவது கணக்கிட்டிருந்தாலும் இதே பச்சைதான் வந்திருக்கும். ஹலால் தேவைகளைப் பெருக்கக்கூடாது. ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்றே நிலை. "தெரியவில்லை" என்பது ஷுப்ஹத், சந்தேகத்துக்குரியது. அது மஞ்சள் அல்ல, ஆதாரம் வரும்வரை நிறுத்திவைப்பு.

இதை ஷரீஅத்தில் அளவுக்கே இடமில்லை என்று புரிந்துகொள்ள வேண்டாம். மலேசிய ஃபத்வா குழு 2011-ல், சுவையூட்டியை நிலைப்படுத்தச் சேர்த்த, மது தயாரிப்பிலிருந்து வராத ஆல்கஹால் இறுதிப் பொருளில் 0.5 சதவீதத்துக்குள் இருந்து, பொருள் போதை தராததாகவும் இருந்தால் ஆகும் என்றது. அங்குள்ள பங்குச் சந்தை ஆணையம் 2013 முதல், ஷரீஅத்துக்கு உகந்தவையா என்று நிறுவனங்களைச் சல்லடை போட 5 சதவீதம், 20 சதவீதம், 33 சதவீதம் என்று வரம்புகள் வைத்திருக்கிறது. அளவு எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை முடிவு செய்வது ஆலிம்களின் வேலை. கிடைத்த அளவைக் காப்பது தர மேலாளரின் வேலை. இந்த எல்லைக்கோடு கலையும்போதுதான் முறைமை கெடுகிறது. தர மேலாளர் இணையத்தில் தேடி "இஸ்திஹாலா நடந்துவிட்டது" என்று தானே தீர்ப்பெழுதுவதும், ஆலோசகராக வந்த ஆலிம் பேட்ச் தாள் பார்க்காமலே கையெழுத்திடுவதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்கள். பொறுப்பு அட்டவணையில் இரண்டு வரி போதும்: சட்டம் என்ன என்பதை இவர் சொல்வார், நடந்தது என்ன என்பதை அவர் நிரூபிப்பார்.

சோதனையை எவ்வளவு நம்பலாம்

2014 மே மாதம் மலேசியச் சுகாதார அமைச்சு, காட்பரியின் இரண்டு சாக்லேட் வகைகளில் பன்றி டிஎன்ஏ இருப்பதாக அறிவித்தது. நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றது, நாடு கொதித்தது. ஜூன் 2 அன்று ஹலால் சான்றிதழ் வழங்கும் அரசுத் துறையான ஜாகிம், ஆலையிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளில் எதுவும் இல்லை என்றது. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை மிக நுண்ணியது. ஆலைக்கு வெளியே கைமாறிய மாதிரியில் எங்கிருந்து தொற்றியது என்பதை அது சொல்லாது. மறுபக்கம், கடுமையாகப் பதப்படுத்திய ஜெலட்டினிலும் நொதியால் உடைந்த புரதத்திலும் டிஎன்ஏ சிதைந்து, இருந்தும் இல்லை என்று வரலாம். மாதிரி எடுக்கும் இடம், முத்திரை, கைமாற்றுத் தாள் மூன்றும் இல்லாத சோதனை முடிவை எந்தத் திசையிலும் ஆதாரமாக வைக்கக்கூடாது. லேப் என்பது தாள் சங்கிலியைச் சரிபார்க்க. அதற்குப் பதிலாக அல்ல.

மலேசியாவின் அகன்ற பாதை

இந்தோனேசியா பொருளிலிருந்து தொடங்கியது. மலேசியா நிறுவனத்திலிருந்தே தொடங்கிப் பார்த்தது. மலேசியத் தரநிலையான எம்எஸ் 1900:2005, இஸ்லாமியப் பார்வையில் தர மேலாண்மைத் தேவைகள் என்ற தலைப்பில், ஐஎஸ்ஓ 9001-ன் எலும்புக்கூட்டின் மேல் ஹலால், ஹராம், நெறிமதிப்புகள் ஆகியவற்றை ஏற்றியது. உணவு மட்டுமல்ல, எந்தச் சேவை நிறுவனத்துக்கும் பொருந்தும்படி. 2014-ல் ஷரீஅத் அடிப்படையிலான தர மேலாண்மை முறைமை என்ற பெயரில் திருத்தம் வந்தது. கெட்ட நேரம், அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே ஐஎஸ்ஓ 9001 தன் அத்தியாய அமைப்பையே மாற்றிவிட்டது. தரக் கையேடும் மேலாண்மைப் பிரதிநிதியும் கட்டாயம் இல்லாமல் போயின. பழைய எட்டு அத்தியாயத்தில் ஒன்றும் புதிய பத்தில் ஒன்றுமாக ஒரே நிறுவனம் இரண்டு முறைமைகளை இழுக்க வேண்டிய நிலை. இன்று இதைத் தொடங்குபவர்கள் புதிய அமைப்பையே அடித்தளமாக வைத்து, ஷரீஅத் தேவைகளை 4.2-ல் தொடர்புடைய தரப்பினரின் தேவையாகவும் 8.2-ல் பொருளின் தேவையாகவும் பதிவது நல்லது. தனி அத்தியாயம் தனிக் கோப்பாகும். தனிக் கோப்பைத் தணிக்கைக்கு முந்தைய நாள்தான் திறப்பார்கள்.

அகன்ற பாதையின் சிக்கல் நெறிமதிப்புகளில். "ஊழியர்கள் இக்லாஸோடு (தூய நோக்கத்தோடு) பணிபுரிய வேண்டும்" என்று எழுதினால் தணிக்கையாளர் எதைப் பார்ப்பார்? சுவரில் தொங்கும் போஸ்டரையும் காலைத் துஆவின் (பிரார்த்தனையின்) வருகைப் பதிவேட்டையும். இரண்டும் இருந்தால் டிக். மனதின் நோக்கத்துக்குச் சான்றிதழ் கொடுக்க எந்த அமைப்புக்கும் அதிகாரம் இல்லை, முயற்சிப்பதே அந்த மதிப்பைக் கெடுக்கும்.

ஆனால் அமானத்தையும் நேர்மையையும் கைவிட வேண்டியதில்லை. நபிமொழியிலேயே வழி இருக்கிறது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்பது பதில். ஈரம் குற்றமாகச் சொல்லப்படவில்லை, மறைத்ததுதான் குற்றம். தணிக்கை நடைமுறையாக இது எழுதத் தோதானது: மேலே இருக்கும் மூட்டையை அல்ல, அடுக்கின் நடுவில் இருந்து மாதிரி எடு, தெரிந்த குறை வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்லப்பட்டதா என்று பார், ஊழியர் தானாக வந்து சொன்ன தவறுக்கும் தணிக்கையில் சிக்கிய தவறுக்கும் வேறு வேறு நடவடிக்கை வை.

எடையும் அப்படியே. அளவில் மோசடி செய்வோரைக் குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் முதல் வசனத்திலேயே எச்சரிக்கிறது. பல நாடுகளின் சட்டம் சராசரியைப் பார்க்கும், சில பாக்கெட் சற்றுக் குறையலாம். 500 கிராம் பாக்கெட்டில் நிரப்பும் இயந்திரத்தின் திட்டவிலக்கம் 2 கிராம் என்றால், இலக்கை 500-ல் வைத்தால் பாதிப் பாக்கெட் குறை. 504-ல் வைத்தால் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். 506-ல் வைத்தால் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 6 கிராம் இனாம் கொடுப்பதா, இயந்திரத்தைச் சீர்செய்து விலக்கத்தை 1 கிராமுக்குக் கொண்டுவந்து 503-ல் அதே நிலையை அடைவதா என்பது மேலாண்மை மறுஆய்வில் வைக்க வேண்டிய கேள்வி. அமானத் இப்படித்தான் எண்ணாகிறது. ஒப்பந்தங்களில் தாமத வட்டி விதியை நீக்கி, உண்மையான இழப்புக்கு மட்டும் ஈடு கேட்பது, தண்டத் தொகையை வருமானத்தில் சேர்க்காமல் தர்மத்துக்கு அனுப்புவது, சப்ளையர் அன்பளிப்புப் பதிவேடு ஆகியவையும் ஆம், இல்லை என்று பதில் வரும் விஷயங்கள். இவற்றை முதலில் எடுங்கள்.

முடிவுத் தேதி இல்லாத சான்றிதழ்

இந்தோனேசியாவில் 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் ஹலாலைக் கட்டாயமாக்கியது. 2019 அக்டோபர் 17-ல் அது நடைமுறைக்கு வந்தது. உணவு, பானங்களில் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அவகாசம் 2024 அக்டோபர் 17-ல் முடிந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஹலால் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும். பதினொரு தலைப்புகள் இன்று ஐந்தாகச் சுருக்கப்பட்டிருக்கின்றன: பொறுப்பேற்பு, மூலப்பொருள், செய்முறை, பொருள், கண்காணிப்பும் மதிப்பீடும். நான்கு ஆண்டு என்றிருந்த சான்றிதழின் ஆயுள், பின்னர் வந்த திருத்தங்களால், பொருளின் சேர்மானமோ செய்முறையோ மாறாதவரை செல்லும் என்றானது.

மாற்றமே முடிவுத் தேதி என்பது கோட்பாட்டளவில் மிகச் சரி. ஆனால் பாக்டோசோய்ட்டோன் வெளிப்பட்டது நிறுவனம் சொல்லி அல்ல, புதுப்பிக்கும் தணிக்கை வந்ததால். புதுப்பித்தலே இல்லாதபோது உள்தணிக்கைதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எச்ஏஎஸ் 23000 ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்டது. இப்போதைய விதி ஆண்டுக்கு ஒரு முறையோடு நிற்கிறது. ஆறு மாதத்தையே வைத்துக்கொள்வது நல்லது, கேள்விப்பட்டியலையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கொள்கை தெரியுமா என்று ஊழியரைக் கேட்பதை விட்டுவிட்டு, கணக்கு மென்பொருளிலிருந்து ஆறு மாத கொள்முதலை இறக்கி, ஒப்புதல் பெற்ற பட்டியலோடு குறியீட்டு எண் வாரியாக ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேளுங்கள். ரொக்கத்தில் அவசரமாக வாங்கியவை, இலவச மாதிரியாக வந்தவை, ஆராய்ச்சிப் பிரிவின் ஃப்ரிட்ஜில் இருப்பவை மூன்றும் அந்த மென்பொருளில் இருக்காது. அவற்றை நேரில் போய்த் திறந்துதான் பார்க்க வேண்டும், லேபிளோடு.